ஆறாம் கூடைக்கு ஒரு மேடு

என் அன்புக்கும், அதைவிட அதிகமாக என் வயிற்றெரிச்சலுக்கும் உரிய சகலை குணாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் உனக்கு அது போதாது. "ஊட்டு வெசயத்த சொல்லு சகலை, பேப்பர் மாதிரி பேசாத" என்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் மைதானத்தைத் திறந்துவிட்டோம். ஒன்பது கூடைகளும் நீ மேப்பில் புள்ளி வைத்த இடத்திலேயே நிற்கின்றன. ஆறாவது கூடையைப் பற்றி மட்டும் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை நம் காலனியில் ஒருத்தரும் வாங்காத பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை: நானும் இந்தக் குணாவும் மாங்காட்டில் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். மூத்தவள் வசந்தா என் மனைவி. இளையவள் மல்லிகா இவன் மனைவி.

அந்த வீட்டுக்கு நான் போனால் நாற்காலி போடுவார்கள். நீ போனால் சிரிப்பார்கள். மாமனார் தோளில் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு "வாங்க மாப்ள" என்று என்னை உட்கார வைப்பார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் சமையலறையிலிருந்து உன் குரலும் மாமியாரின் சிரிப்பும் கேட்கும். நாற்காலிக்குப் பெயர் மரியாதை என்று எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்புக்கு என்ன பெயர்? முப்பது வருஷமாக அதுதான் எனக்கு வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை.

ஆவடியில் ஒரே பாக்டரி. நான் டிராயிங் செக்‌ஷன், நீ கேன்டீன் ஸ்டோர். கேட்டில் நுழையும்போது எனக்குச் சல்யூட் வரும், உனக்கு "அண்ணாத்தே, சாப்டியா?" வரும். உன் சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து, நான் செத்தால் இதில் பாதிப் பேராவது வருவார்களா என்று யோசித்தேன். உன்னை நடு வீட்டில் கிடத்தியிருக்கும்போதே யோசித்தேன். அன்றைக்கு எனக்கு அழுகை வராததற்கு அதுதான் காரணம். வசந்தா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

சரி, தட்டுக்கு வருகிறேன். உன் மகள் யாழினி கல்லூரியில் ஆடிப் பழகிவிட்டு மூன்று பிளாஸ்டிக் தட்டுகளைக் கொண்டுவந்தாள். டிஸ்க் கால்ஃப் என்றாள். ஓரிடத்தில் நின்று தட்டை வீசி, தூரத்தில் சங்கிலி தொங்கும் கூடையில் விழ வைக்க வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவர் ஜெயித்தவர். நம் வயசுக்கு இது என்ன வேலை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ வீசிவிட்டாய். அது காற்றில் வளைந்து போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்தது. தெருவே கைதட்டியது. தொட்டி மேல் விழுந்ததற்குக்கூட உனக்குக் கைதட்டல்.

ஒரே மாதத்தில் ஏரிக்கரை ஓரம் சும்மா கிடந்த காலனிச் சங்கத்து நிலத்தில் மைதானம் போடலாம் என்று சங்கச் செயலாளர் பாஸ்கரைச் சம்மதிக்க வைத்துவிட்டாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் உனக்குத் தெரிந்த ஒரு வெல்டர் பழைய சைக்கிள் ரிம்மையும் நாய்ச் சங்கிலியையும் வைத்துக் கூடை செய்து தருகிறேன் என்றார். வரைபடம் மட்டும்தான் பாக்கி. வரைபடம் என்றால் என்னைத்தானே கேட்பார்கள் என்று நான் வீட்டில் காத்திருந்தேன்.

நீ கேட்கவில்லை. நீயே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

"சகலை, இத பாரேன். காசே வேணாம், ஃப்ரீயா குடுக்குறான் இந்த மேப் சாஃப்ட்வேர. மேலேர்ந்து எடுத்த போட்டோ, அது மேல நம்ம கோடு. அளக்கவே வேணாம், அதுவே மீட்டர் சொல்லுது. மேடு பள்ளம்கூட காட்டுது. இந்த வளைய வளையமா கீதே, தோச சுத்தின மாதிரி இல்ல?"

அது சம உயரக் கோடு. முப்பது வருஷம் கோடு போட்டுச் சம்பளம் வாங்கியவனுக்கு, சாம்பார்ப் பருப்புக்கு இன்டென்ட் சீட்டு எழுதியவன் பாடம் எடுக்கிறான். வீடியோ பார்த்து மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டாயாம். நான் கம்ப்யூட்டரில் டிராயிங் போடப் பழக எட்டு மாதம் ஆனது. அது உனக்குத் தெரியும். நீ அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

உனக்குத் தெரியாமல் நானும் ஒரு பிளான் போட்டேன். ஒன்பது கூடை, ஒன்பது நேர்க்கோடு, எல்லாத் தூரமும் துல்லியம். சங்கக் கூட்டத்தில் இரண்டையும் சுவரில் ஒட்டினார்கள். நீ என்னுடையதை ரொம்ப நேரம் பார்த்தாய்.

"சூப்பரா கீது சகலை. பார்ட் டிராயிங் மாதிரியே கீது. இத லேத்துல குட்த்தா அப்டியே கடைஞ்சிட்லாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏனென்றால் உன்னுடையதுதான் மேல் என்று எனக்கே தெரிந்தது. அதில் தட்டு வேம்பைச் சுற்றிப் போனது, தொட்டிக்கும் கோயில் சுவருக்கும் நடுவில் நுழைந்தது. ஆறாவது மட்டும் யாரும் கால் வைக்க முடியாத கருவேலங்காட்டுக்குள்ளிருந்து தொடங்கியது. அங்கே இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு இருப்பதாக உன் மேப் சொன்னது. அதன் உச்சியிலிருந்து கீழே ஏரிக்கரை நோக்கி வீச வேண்டும். அதற்கு "மாமியார் மேடு" என்று பெயர் வைத்து, "மேல நின்னுகினு நம்மள எல்லாம் பாக்கும்ல" என்றாய். கூட்டம் உன் பிளானுக்கே கை தூக்கியது. வசந்தாவும் தூக்கினாள்.

இப்போது கேள். அங்கே மேடு கிடையாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

அந்த இலவச உயரக் கணக்கு வானத்திலிருந்து எடுத்தது. அடர்ந்த காடு இருந்தால் மரத்தின் தலையையும் தரையோடு சேர்த்துக் கணக்குப் பண்ணிவிடும். நீ பார்த்த மேடு கருவேல மரங்களின் தலை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே திருத்தியிருப்பாய். "அட ஆமா சகலை" என்று என் தோளில் தட்டியிருப்பாய். நான் சொல்லவில்லை. ஒருநாள் காட்டை வெட்டுவார்கள், ஊரே நிற்கும், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன்: "என்ன சகலை, உன் மேட்டைக் காணோம்?" குளிக்கும்போதுகூட அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

அதற்குள் நீ காலையில் பால் வாங்கப் போய், திரும்பி வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து மல்லிகா உன் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். "நீங்கதான் மாமா இத முடிச்சிக் குடுக்கணும். அவரு கோட்ட படிக்க உங்கள விட்டா யாரு?" பாஸ்கரும் அதையே சொன்னார். வாங்கிக்கொண்டேன். எட்டுக் கூடைகளை உன் இஷ்டத்துக்கு விட்டுவிடலாம், மேடு இல்லாத இடத்தில் என் ஆறாவதைப் போட்டுவிடலாம் என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். தொட்டியிலிருந்து ஏரிக்கரைக்கு நேர்க்கோடு. யாரும் குறை சொல்ல முடியாது.

காட்டைச் சுத்தம் பண்ண ஒரு செவ்வாய்க்கிழமை ஜேசிபி வந்தது. நான் மட்டும்தான் கூட நின்றேன். மத்தியானத்துக்குள் முள் எல்லாம் போய்விட்டது. தரை தோசைக்கல் மாதிரி கிடந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் திரும்பி, "என்ன சகலை..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

யாரிடம் சொல்வது? நான் ஜெயித்ததைப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் நீ. அந்த ஜேசிபி புகைக்கு நடுவில் நின்று அழுதேன், குணா. சாவு வீட்டில் வராத அழுகை எல்லாம் அங்கே வந்தது.

முகத்தைத் துடைத்து நிமிர்ந்தால் மல்லிகா நிற்கிறாள். ஒரு கையில் எனக்கு டீ, இன்னொரு கையில் உன் மேப்பின் பிரின்ட். தரையைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள்.

"இங்க மேடு கீதுன்னு சொன்னாரே மாமா? தப்பா போட்டுட்டாரா?"

எத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி. பதில் நாக்கில் இருந்தது.

"மேடு இருந்ததும்மா. இந்த ஜேசிபிக்காரன் முள்ளோடு சேர்த்து நிரவிட்டான். திரும்பப் போடச் சொல்லியிருக்கேன்" என்றேன்.

வண்டியிலிருந்து அந்த ஆள் எட்டிப் பார்த்தார். "நான் இன்னா சார் பண்ணேன்? இங்க எங்க சார் மேடு..." நான் கையைக் காட்டினேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, நிறுத்திக்கொண்டார். மல்லிகா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டீயையும் பிரின்டையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நம்பினாளா? இன்று வரை எனக்குத் தெரியாது.

பக்கத்துத் தெருவில் அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். மண்ணைக் கொட்ட இடம் தேடிக்கொண்டிருந்த டிப்பர்களை இங்கே திருப்பிவிட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் மல்லிகாவிடம் சொன்னதையே சொன்னேன். உன் பிரின்டைக் கையில் வைத்துக்கொண்டு, நீ தோசை என்று சொன்ன வளையங்களைச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் போட்டேன். உன் கோட்டில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஜேசிபிக்காரருக்குத்தான் தாங்கவில்லை. "எல்லாரும் மேட்ட நிரவ சொல்வாங்கோ. நீ இன்னா சார், சப்பையா கீற எடத்துல மேடு கேக்குற? அதுவும் படத்த பாத்துகினு?"

என்ன சொல்ல? உன்னைத் தப்பு என்று சொல்கிற உரிமை எனக்கு மட்டும்தான். அதை ஊருக்குப் பங்கு போட்டுக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இதுவும் பொறாமைதான் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். முதல் தட்டை யாழினி வீசினாள். ஆறாவதுக்கு வந்ததும் ஒருத்தர் பாக்கியில்லாமல் மேடேறி நின்று ஏரியைப் பார்த்தார்கள். நீ வைத்த பெயரை யாரும் சொல்லவில்லை. "குணா அண்ணாத்தே மேடு" என்கிறார்கள். நான் வெயிலில் நின்று எழுப்பிய மேட்டுக்கு உன் பெயர். அதோடு விட்டார்களா? பாஸ்கர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"முள்ளுக்குள்ள இருந்த மேட்ட கம்ப்யூட்டர்லயே கண்டுபிடிச்சிருக்காரு பாருங்க சார். நீங்க டிராயிங்ல இருந்தவரு, உங்களுக்கே இது தோணல பாத்தீங்களா?"

தோணல சார் என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல நான் பட்ட பாடு உனக்குத்தான் புரியும்.

எல்லோரும் ஏழாவதுக்கு நகர்ந்த பிறகு நான் மட்டும் மேலே ஏறி வீசினேன். தட்டு கையை விட்டதும் கீழே போகவில்லை. ஏரிக் காற்று அதைப் பிடித்து நிறுத்தி, மெதுவாக இடது பக்கம் திருப்பி, கூடைக்குப் பத்தடியில் இறக்கியது. சமதரையிலிருந்து, என் நேர்க்கோட்டில், இது நடந்திருக்காது. என் சரியைவிட உன் தப்பு நன்றாக இருக்கிறது, குணா. செத்த பிறகும் என்னை இப்படிப் பண்ண வேண்டுமா?

மழைக்காலம் வருகிறது. கொட்டிய மண்தானே, கொஞ்சம் கரையத்தான் செய்யும். ஆனால் நான் இருக்கிற வரை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் உன் பிரின்டை எடுத்துக்கொண்டு போய், உன் வளையங்கள் எந்த உயரத்தில் இருந்தனவோ அந்த உயரத்துக்கு மண் போட்டு நிறுத்துவேன். பாஸ்கர் என்ன சொன்னாலும் வாயைத் திறக்க மாட்டேன். இது சத்தியம்.

பதிலுக்கு நீ ஒன்று செய்தால் போதும். ஒருநாள் நானும் அங்கே வருவேன். அப்போது எனக்கு நாற்காலி போடாதே. சிரி.

இல்லாத உன் மேட்டுக்கு இன்றைக்கும் காவல் நிற்கிற,
உன் மூத்த சகலை,
தயாளன்