பனைமேட்டை ஏன் தோண்டவில்லை

ஆவணி 4, வியாழன். காலையிலிருந்து சாரல்.

பேரன் போலீஸில் சேர்ந்த வருசம். ஆனியும் ஆடியும் காய்ந்து, குற்றாலத்தில் ஆவணியில் தண்ணீர் விழுந்த வருசம். எனக்கு எழுத்து தெரியாது. போனில் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

தம்பி மகன் முத்துப்பாண்டியின் கறவை மாடு விடியலில் செத்துக் கிடந்தது. மூக்கில் கறுத்த ரத்தம், உறையவில்லை. மாட்டு டாக்டரம்மா வந்தார். இலத்தூர்ப் பிள்ளை, சின்ன வயசு. வயிற்றைக் கிழிக்கவில்லை, கிழித்தால் கிருமி பரவுமாம். காது நுனியில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தடவினார். அடைப்பான் நோய், ஆந்த்ராக்ஸ் என்றார். தோலுரிக்க ஆள் சொல்லியிருந்தான் முத்துப்பாண்டி. டாக்டரம்மாவே போன் போட்டு நிறுத்தினார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

அன்றே, மத்தியானம்.

அவர் சொன்னது, மறக்கும் முன்: இழுக்கக் கூடாது, தூக்கணும். மூக்கிலும் பின்பக்கமும் துணி அடைப்பு. ஆறடிக் குழி. கீழேயும் மேலேயும் சுண்ணாம்பு. கிணறு, வாய்க்கால் பக்கம் ஆகாது. மிச்ச வைக்கோல், கயிறு, மாடு கிடந்த இடத்து மண், எல்லாம் குழிக்குள்.

புதைக்க முத்துப்பாண்டி காட்டியது பனைமேடு. தரிசு. ஜேசிபி கை தூக்கிவிட்டது. முன்னால் போய் நின்றேன். என் மூத்தவன் பிறந்த வருசம், இதே நோயில் செத்த ஏழு மாட்டை அங்கேதான் புதைத்தோம்.

"பெரியப்பா, அம்பது வருசமாச்சு. எல்லாம் மண்ணாப் போயிருக்கும். தள்ளி நில்லுங்க."

டாக்டரம்மா வண்டியை அணைக்கச் சொன்னார். "இந்தக் கிருமி மண்ணுக்குள்ள அம்பது வருசமும் கிடக்கும் அண்ணாச்சி. அங்கன ஒரு கை மண்ணு எடுக்கக் கூடாது."

வேறு மேடு அவன் வாழைத்தோட்டத்தில்தான். குலை தள்ளின வாழை. கிழவர் பேச்சுக்கு வாழையை வெட்டவா என்றான். டாக்டரம்மா என்னிடம் கேட்டார், அன்று புதைத்த மாடுகளுக்குத் தலை எந்தத் திசை என்று. கிழக்கு, ஏழுக்கும். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். சந்தேகம் இருந்தாலே தோண்டக் கூடாது என்றார்.

அரிவாளை எடுத்து வாழையை அவனே வெட்டினான். முகம் சுண்டித்தான் இருந்தது. ஆனாலும் வெட்டினான். ராசா.

வெள்ளி. மூட்டம்.

தெருவில் எல்லா மாட்டுக்கும் ஊசி. பிறகு டாக்டரம்மா பனைமேட்டுக்கு வந்தார். இனி யாரும் தோண்டாதபடி நாலு மூலையிலும் கல் நடணுமாம். வடக்கு எல்லை எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. அன்று நான் தெற்கே வெட்டினேன். கூட யார் இருந்தார்கள் என்று கேட்டார். சுடலை, போய்விட்டான். பெரிய கருப்பசாமி, போய்விட்டார். அவர் தம்பியும். வடக்கே நின்று சுண்ணாம்பு கொட்டியவள் ஒருத்திதான் இன்னும் இருக்கிறாள், பண்பொழியில் மகள் வீட்டில். முத்துப்பாண்டி கூட்டிவரக் கார் எடுக்கிறான். பெயர் என்ன என்று கேட்கிறான்.

மாடத்தி.