இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் குருத்தோலை

குக்கர் முதல் விசில் அடித்ததும் புத்தகத்தைத் திறந்தேன். உன் குருத்தோலை மடியில் விழுந்தது. போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று உங்கள் கோவிலில் கொடுத்த ஓலையிலிருந்து நீ கிழித்துக்கொண்ட விரல் நீளத் துண்டு. காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு. திரும்ப அங்கேயே வைத்து மூடினேன். பருப்பு குழைந்தது. நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

நீ போனதிலிருந்து போன வாரம்வரை இப்படித்தான். எடுப்பேன், வைப்பேன். பூஜை அலமாரிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அரிசி டின் மேல் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நூலகர் அண்ணன் இரண்டு முறை தேதி நீட்டிக் கொடுத்தார். வாசகர் வட்டத்தின் வாட்ஸப் குழுவில் தினமும் கேட்டார்: "மதிப்புரை வரலையே அம்மா?"

பாபநாசம் கிளை நூலகத்தில் எந்த நாவலும் ஒரு பிரதிதான். அதனால் நாம் நாளைப் பங்கு போட்டுக்கொண்டோம். திங்கள் முதல் வியாழன் வரை எனக்கு. வெள்ளிக்கிழமை நான் வீடு கழுவி, விளக்கேற்றி, அம்மன் கோயிலுக்குப் போகிற நாள். கதைப் புத்தகம் தொட மாட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு நீ வந்து வாங்கிப் போவாய். ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் திரும்பி வந்துவிடும். உன் தையல் மிஷினின் எண்ணெய் வாசனை பக்கங்களில் இருக்கும். ஒரே புத்தகத்தில் இரண்டு அடையாளம்: உனக்குக் குருத்தோலை, எனக்குக் கோயிலில் விபூதி மடித்துக் கொடுத்த காகிதம்.

என் நோட்டை நீ எப்படியெல்லாம் கேலி செய்திருக்கிறாய். "திங்கள், 14 முதல் 31, ரேஷன் கடை வரிசை. செவ்வாய், 31 முதல் 38, இட்லி வேகும்வரை." அதை உரக்கப் படித்துவிட்டுக் கேட்டாய்.

"ஏண்டி, நீ நாவல் படிக்கிறியா, பால் கணக்கு எழுதுறியா?"

"எட்டாவதோட நின்னவடி நான். எழுதி வெச்சாத்தான் படிச்சேன்னு எனக்கே நம்பிக்கை வரும்."

"சரி, முப்பத்தெட்டாம் பக்கத்துல மூக்கைச் சிந்தினியே, அது இதுல எங்க இருக்கு?"

அதற்கு நோட்டில் கட்டம் போட்டிருக்கவில்லை.

நடவு சமயத்தில் ஒரு தடவை, கடைசி முப்பது பக்கம் படிக்காமலே மதிப்புரை எழுதிவிட்டேன். ஆளுக்குச் சோறு, டீ, நாத்துக்கட்டு எண்ணுவது என்று ஓடிக்கொண்டிருந்த வாரம். "முடிவு மனதைத் தொடுகிறது" என்று எழுதினேன். வட்டக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். நீ சுண்டல் தின்றுகொண்டிருந்தாய். திரும்பும்போது குடமுருட்டிப் பாலத்தில் நின்று கேட்டாய்.

"மனசை எந்த இடத்துல தொட்டுச்சு?"

நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"உன் விபூதிப் பொட்டலம் முப்பது பக்கம் முன்னாடியே உக்காந்திருச்சுடி. நான் பாக்கலைன்னு நெனச்சியா?" சிரித்தாய். பிறகு சிரிக்காமல் சொன்னாய்: "நேரமில்லைன்னா நேரமில்லைன்னு எழுது. அதுவும் மதிப்புரைதான். பொய்யா மட்டும் முடிக்காத."

சாமி பேரைச் சொல்லிச் சத்தியம் செய்தேன், இனி செய்வதில்லை என்று.

அதை நான் காப்பாற்றவில்லை. இந்த மடல் அதற்காகத்தான்.

தை மாதம். சம்பா அறுப்புக்கு மிஷின் எப்போது கிடைக்கும் என்று ஊரே காத்திருந்தது. நீ தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தாய். பஸ் பிடித்து வந்தேன். புத்தகம் பையில் இருந்தது. அதில் நீ இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றிருந்தாய், நான் இருநூற்று நாற்பத்தொன்றில். தன் பங்கு நிலத்தை விற்கச் சொல்லி அண்ணன்கள் நெருக்கும் ஒரு பெண்ணின் கதை.

"கண்ணு எழுத்துல நிக்க மாட்டேங்குதுடி," என்றாய். "நீயே சொல்லிடு. கடைசில கையெழுத்துப் போட்டுட்டாளா?"

அந்த நேரம் பார்த்து இவர் போன் செய்தார். "மிஷின் வந்துருச்சு. எங்க இருக்க? சீக்கிரம் வா, ஆளுங்களுக்குச் சோறு பண்ணணும்." போனை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தேன். உன் முகம் சின்னதாகியிருந்தது. எனக்கு மீதி எழுபத்தேழு பக்கம் இருந்தது.

"போடலைடி. கடைசிவரைக்கும் போடலை."

"எனக்குத் தெரியும். அவ போட மாட்டா." கண்ணை மூடிக்கொண்டாய். "எப்படிச் சமாளிச்சா?"

"நாளைக்கு வந்து விவரமா சொல்றேன்."

மறுநாள் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு மழைக்குப் பயந்து தார்ப்பாயோடு காவல் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும் மூட்டை போட முறை வரவில்லை. மூன்றாம் நாள் நீ இல்லை.

இப்போது புரிகிறதா, ஏன் புத்தகத்தைத் திறந்து திறந்து மூடினேன் என்று? அவள் கையெழுத்துப் போட்டிருந்தால், உன்னிடம் கடைசியாகப் பேசியது பொய். அச்சாகி எத்தனையோ வருஷமான ஒரு நாவலின் முடிவுக்காக அம்மனுக்கு நெய்விளக்குப் போட்டு வேண்டிக்கொண்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எப்படியாவது அவள் போடாமல் இருக்கட்டும் என்று.

போன வாரம் வியாழக்கிழமை உன் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்தார்.

"தங்கச்சி, திருநீற்றுப் புதன் வருதும்மா. பழைய குருத்தோலையெல்லாம் கோவில்ல கேக்குறாங்க, எரிச்சுச் சாம்பல் எடுக்க. வீட்டுல ஒண்ணையும் காணோம். உங்க புத்தகத்துல வெச்சிருப்பாளோன்னு…"

வருஷா வருஷம் நீ அதைத் திருப்பி எடுத்துப் போவது நினைவுக்கு வந்தது. "உனக்குத் தினமும் திருநீறு, எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, அதையும் விட்டுக் கொடுப்பேனா" என்பாய்.

"சனிக்கிழமை வரைக்கும் பொறுங்கண்ணே."

"ஒரு துண்டு ஓலைதானேம்மா?"

"அவ இன்னும் படிச்சு முடிக்கலைண்ணே."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சனிக்கிழமை வரேன்," என்று சைக்கிளைத் திருப்பினார்.

அன்று மதியமே உட்கார்ந்தேன். என் இடத்திலிருந்து அல்ல, உன் இடத்திலிருந்து, வாய்விட்டு. நிறுத்துகிற இடத்திலெல்லாம் குருத்தோலையை நகர்த்தி வைத்தேன். மாவு அரைபடும்போது, மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பும்போது, கும்பகோணம் பஸ்ஸில் நின்றுகொண்டு. வெள்ளிக்கிழமையும் படித்தேன். விளக்கேற்றிவிட்டு, அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான். அது உன் நாள்.

சனிக்கிழமை காலை முந்நூற்றொன்றாம் பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அழவில்லை அவள். நின்ற பயிரை நானே அறுத்துக்கொள்கிறேன், பிறகு போடுகிறேன் என்கிறாள். அறுக்கிறாள். களத்தைப் பெருக்கிவிட்டு வந்து போடுகிறாள். எனக்கு வந்த கோபத்தில் நான்கு விசில், ஐந்து விசில் போனது தெரியவில்லை.

"என்னடி, சோறு அடிபிடிச்ச வாசனை வருது! கதைல யாரு செத்தா?" இவர் கூடத்திலிருந்து கத்தினார்.

"யாரும் சாகலைங்க. கையெழுத்துப் போட்டுட்டா."

"எந்தக் கையெழுத்து? யாரு?" பதறி எழுந்து வந்துவிட்டார் மனிதர்.

அடுப்பை அணைத்துவிட்டு மீதிப் பக்கங்களையும் படித்தேன். குருத்தோலை கடைசிப் பக்கத்துக்கு வந்தது. பிறகு மதிப்புரையை எழுதி அனுப்பினேன். முதல் வரி: "இந்த நாவலின் முடிவைப் படிக்க நேரமில்லாமல், படித்ததாகச் சொல்லி, என் தோழியிடம் தவறாகச் சொன்னேன்." நூலகர் அண்ணன் போன் செய்தார்.

"இந்த வரி வேணுமாம்மா? எடுத்துட்டாக்கூடக் கட்டுரை நல்லாத்தான் இருக்கு."

"அதை எடுத்துட்டா மதிப்புரையே இல்லைங்கண்ணே."

சாயங்காலம் உன் வீட்டுக்காரரிடம் ஓலையைக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துப் பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். புதன்கிழமை காலை நெற்றியில் சாம்பலோடு எங்கள் தெரு வழியாகப் போனார். நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன், நெற்றியில் என் விபூதியோடு. நீ இருந்தால் அந்தத் திருநீற்றுக் கேலியை இன்னொரு தடவை சொல்லியிருப்பாய்.

அவள் கையெழுத்துப் போட மாட்டாள் என்று நம்பிக்கொண்டே நீ போனாய். அது எனக்கு ஆறுதலா, தண்டனையா என்று தெரியவில்லை. பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் இரண்டும் மாறி மாறி வருகிறது.

புது நாவல் எடுத்தாயிற்று. இன்று வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்குக் கால் தானாக வாசலுக்குப் போய்விட்டது, கையில் புத்தகத்தோடு. வாங்கிப் போக யாரும் வரவில்லை. அங்கேயே நின்று படித்தேன். நோட்டில் புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இன்றைக்கு எழுதியது இது:

"வெள்ளி, 1 முதல் 9, வாசலில் நின்றபடி. ஏழாம் பக்கத்தில் சிரித்தேன். சொல்ல ஆளில்லை."