அறுபத்து மூன்று புள்ளி ஏழு

ஹாவ்ஸ்டாட், வடக்கு டகோட்டா
பிப்ரவரி 9

அன்புள்ள மகள் சிக்ரிட்டுக்கு,

உன் அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மை, மற்றதைப் பொறுத்தவரைதான் இந்தக் கடிதம். டெக்சாஸ் வெயிலில் நீயும் நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஃபார்கோவில் சென்ற வாரம் அம்மாவுக்கு நடந்த பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை, இனி ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். இருவருமாக அதைக் கொண்டாடியிருக்க வேண்டும். மூன்று மணி நேரப் பயணம் முழுக்க அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. வீட்டுக்கு வந்ததும் எஞ்சின் உறையாமலிருக்க நான் கார் கம்பியைச் சுவர்ப் பிளக்கில் செருகப் பார்த்தேன், அது துளையில் சேரவில்லை. பொண்ணுக்கு டி கிரேடு போட்டப்போ நடுங்காத கை இப்ப என்னத்துக்கு நடுங்குது ஆர்லன் என்று கேட்டுவிட்டு உன் அம்மா உள்ளே போய்விட்டாள். குளிரால்தான் என்று நான் மூடிய கதவிடம் சொன்னேன்.

அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாற நீ போடும் விண்ணப்பத்துக்கு நம் பள்ளியின் மதிப்பெண் பட்டியலும் வேண்டும் என்று கேட்டிருந்தாய் அல்லவா, அதைத் திங்கட்கிழமை வாங்கினேன். அலுவலகத்தில் வெர்னாதான் இருந்தாள், இருபத்தாறு வருடமாக அந்த நாற்காலியில் அவள்தானே. காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்கிறவளுக்கு இன்னும் நம்ம சீட்டு எதுக்கு சார், கல்யாணமானவளுக்குப் பால்புட்டி வாங்கிக் கொடுக்கிற கதையால்ல இருக்கு என்று சிரித்தாள். அப்படிப்பட்ட பல்கலைக்கழகங்கள் கல்லூரி மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்வதில்லை, பள்ளிக்கூடத்தையும் கிளறிப் பார்ப்பார்கள் என்றேன். உறையை ஒட்டும் முன் ஒருமுறை பார்க்கக் கேட்டபோது, உங்களுக்குத் தெரியாதது இதுல என்ன சார் இருக்கு என்றாள். குத்திக்காட்டச் சொல்லவில்லை, அவளுக்கு அது வராது. பதினோராம் வகுப்பு, முதல் பருவம், கணிதம், டி. ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர். இந்த ஊரில் வேறு கணித ஆசிரியர் கிடையாது என்பது பட்டியலைப் படிக்கப்போகிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியப்போவதெல்லாம், கணிதம் படிக்க இடம் கேட்கும் ஒரு பெண் கணிதத்தில் டி வாங்கியிருக்கிறாள் என்பதுதான். இப்போது நீ வாங்கும் ஏ கிரேடுகள் எல்லாம் அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

நான் ஆறுதல் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும். சென்ற ஆண்டு அந்தப் பல்கலைக்கழகத்தில் இடமாற்றம் கேட்டவர்கள் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர், இடம் கிடைத்தவர்கள் முப்பத்தொரு பேர். நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. அந்த எழுத்து இல்லாவிட்டாலும் கதவு இவ்வளவுதான் திறந்திருக்கும். அந்த எழுத்தோடு அது திறக்கும் என்று எந்தக் கணக்காலும் என்னால் காட்ட முடியவில்லை. சேர்க்கை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். இனிமையாகப் பேசும் ஒரு பெண், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் முழுசாப் படிக்கிறோம் சார் என்றாள். மதிப்பெண் தந்த ஆசிரியரே அது நியாயமில்லை என்று எழுதித் தந்தால் என்றேன். தாராளமா அனுப்பச் சொல்லுங்க, ஆனா குடும்பத்துல உள்ளவங்க எழுதினா மட்டும் எடுத்துக்க மாட்டோம் என்றாள். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் என்று கேட்டேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாள். அடுத்து, என்னிடமே படித்து இப்போது தலைமையாசிரியராக இருக்கும் டேரிலிடம் போய் அந்த மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும் என்றேன். ஓராண்டுக்கு மேல் எந்த மதிப்பெண்ணையும் மாற்றக் கூடாது என்ற விதியை எடுத்துக் காட்டினான். சார், இதைக் கொண்டுவரணும்னு போர்டு மீட்டிங்ல ஒரு மணி நேரம் பேசினதே நீங்கதானே என்றான். ஆம், நான்தான். எதற்காகக் கொண்டுவந்தேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

உனக்கு டி போட்ட அதே ஜனவரியில் கோடி ரஸ்மஸனுக்கு ஐம்பத்தெட்டு வந்திருந்தது. ஹாக்கி அணிக்கு அவனை விட்டால் கோல் காக்க ஆள் இல்லை, அறுபதுக்குக் கீழே போய்ப் பாடத்தில் தோற்றால் விளையாட முடியாது. பயிற்சியாளர் என் வகுப்பறைக்கு வந்து, ரெண்டே ரெண்டு மார்க் சார், ஊரே உங்களக் கும்பிடும் என்றார். நான் அறுபது போட்டேன். அந்த வெட்கத்தில், இனி யாரும் வந்து எதையும் மாற்றச் சொல்லக் கூடாது என்று அந்த விதியைக் கொண்டுவந்தேன். கோடி இப்போது ஊராட்சியின் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறான். போன செவ்வாய்க்கிழமை நம் வாசலைச் சுத்தம் செய்துவிட்டு, அன்னிக்கு நீங்க மட்டும் கை கொடுக்கலன்னா நான் படிப்பையே விட்டிருப்பேன் சார், சிக்ரிட் எப்படியிருக்கா, பெரிய மூளைக்காரியாச்சே அவ என்றான். நன்றாக இருக்கிறாள் என்றேன். ஊரார் பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் தரத் தெரிந்தவன் நான். உன் தேர்வுச் சராசரி தொண்ணூற்றொன்று, மொத்தத்தில் அதற்கு எழுபது பங்கு. புராஜெக்ட் நோட்டுக்கு உரிய முப்பதில் நீ பெற்றது பூஜ்யம். ஆக மொத்தம் அறுபத்து மூன்று புள்ளி ஏழு. நான்கு நாள் தாமதம் என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இந்த அறைக்குள் நான் உன் அப்பா இல்லை என்றும் சொன்னேன். அம்மாவைச் சிகிச்சைக்கு ஃபார்கோவுக்கு அழைத்துப் போன நீ, பனிப்புயலில் சாலை மூடியதால் அங்கே மாட்டிக்கொண்டாய் என்பது வகுப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நோட்டு எழுதி முடிக்கப்பட்டு நம் சமையலறை மேசையில் இருந்தது. எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். மாணவர் தம் கையாலேயே தர வேண்டும் என்பது என் விதி. நான்கு காலையும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தேன். ஒரு நாள் கோப்பையை அதன் மேலேயே வைத்தேன். அந்த வட்டக் கறையோடுதான் நீ அதைக் கொண்டுவந்து தந்தாய். கறையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மௌனத்தை நீ இன்னும் விடவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். விண்ணப்பத்தில் கூடுதல் விவரத்துக்கு ஒரு பெட்டி இருக்கிறது, அதில் நடந்ததை எழுது என்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னபோது, அது என் மார்க்ப்பா, நான்தான் லேட்டாக் கொடுத்தேன், அதுல உங்கள இழுக்க மாட்டேன், விடுங்க என்று வைத்துவிட்டாய். என் மரியாதையைக் காப்பாற்ற உன்னிடம் யார் கேட்டார்கள்? காப்பாற்ற அதில் என்ன இருக்கிறது? நேற்று அந்த நோட்டை அலமாரியிலிருந்து எடுத்து முதல்முறையாகப் படித்தேன். பூஜ்யம் போடப் படிக்கத் தேவையில்லை என்பதால் அன்று திறக்கவே இல்லை. பதினோராம் பக்கத்தில் ஒரு கழித்தல் குறியை விட்டிருக்கிறாய், வேறு பிழை இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. சேர்த்தால் தொண்ணூற்றிரண்டு புள்ளி எட்டு. இதை ஏற்றிக்கொள்ள எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை.

ஆகவே பெட்டியை நிரப்பு. இருநூற்றைம்பது சொல் எழுதலாமாம். புயலையும் அம்மாவின் நோயையும் எழுத மனமில்லை என்றால் விட்டுவிடு, நான்கு சொல் போதும்: அந்த ஆசிரியர் என் தந்தை. அதனால் இடம் கிடைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. கிடைக்காது என்றே நினைக்கிறேன். இலையுதிர்காலப் பாடங்களுக்கு இப்போதைய கல்லூரியிலேயே பெயரைப் பதிந்து வை. ஆனால் எழுதாமல் அனுப்பாதே. இதோடு இருக்கும் உறையைப் பிரிக்காதே, முத்திரை உடைந்தால் ஏற்க மாட்டார்கள். மார்ச் முதல் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் நடக்காதே. அம்மா ஓட்ஸ் பிஸ்கட் தனியாக அனுப்பியிருக்கிறாள். உனக்கு எல்லா நன்மையும் வரட்டும். என் வகுப்பறையில் கிடைக்காதது வேறெங்காவது கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
அந்த அறைக்குள்ளும் உன் அப்பாவாக இருந்திருக்க வேண்டிய,
ஆர்லன் டோஃப்டே