ஏழு பேருக்குக் கீழே

மார்ச் 3
காலையிலேயே மகளோடு சண்டை. சதுக்கத்தில் போர் நினைவுக் கல்லைப் புதிதாக வெட்டுகிறார்கள். பழைய கல்லில் என் அப்பா பெயர் விட்டுப்போயிற்று. "செத்தவருக்குக் கல்லுல பேர் இருந்தா என்ன, இல்லாட்டி என்னம்மா" என்கிறாள். பட்டாளத்தான் துப்பாக்கிக்கு நெஞ்சைக் காட்டினவர் அவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் இன்னார் மகள் என்று தலை நிமிர்ந்து வளர்ந்தவள்.

மார்ச் 6
இடுகாட்டு ஆபீஸில் அரை நாள் காத்துக் கிடந்து, அப்பா செத்த தேதி இருக்கிற பதிவேட்டுப் பக்கத்துக்குப் பிரதி வாங்கிவிட்டேன். அவசரப்படுத்தியதற்குக் குமாஸ்தா, "இத்தனை வருஷம் கழிச்சு அவரு எங்க ஓடிடப் போறாரு, பாட்டி?" என்றான்.

மார்ச் 7
கல்தச்சர் செத்த நாள் வரிசையில்தான் பெயர் வெட்டுவாராம். அப்பாவின் தேதியில் ஏற்கெனவே ஏழு பேர். மாவு மில் தீயில் மாண்டவர்கள். அவர்களுக்குக் கீழேதான் அப்பா வருவார். அன்று தப்பித்த ஒரு அம்மா இருக்கிறாள், ஏழு பெயரையும் கொடுத்தவள் அவள்தானாம்; கீழே இன்னொன்று சேர்க்க அவள் சரி என்று சொல்ல வேண்டுமாம். கேட்டுவிட்டால் போச்சு.

மார்ச் 8
அந்தக் கிழவியை அறைந்துவிட்டேன்.

மார்ச் 9
நேற்று அந்த ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. அவள் துணி தைக்கிறவள். அப்பா பெயரைச் சொன்னதும் மிஷினை நிறுத்தினாள். மில் கதவை வெளியே பூட்டியது அவர்தானாம். மண்ணெண்ணெய் ஊற்றியதும் அவர். ஜன்னல் வழியாகக் குதித்தவர்களை அரிவாளோடு நின்று வெட்டியதும் அவர். முதலில் அவளுடைய அண்ணன். கழுத்து பாதி அறுந்தும் எழுந்து நிற்கப் பார்த்தானாம்.

"எங்கம்மா புடவை எரிய எரியக் குதிச்சாங்க. கையில இரும்புக் கம்பி. உங்கப்பா மண்டையில ஒரே போடு போட்டாங்க. ரெண்டு பேரும் அங்கேயே விழுந்தாங்க. நான் சாக்கடைக்குள்ள கெடந்து பாத்தேன்."

அப்போதுதான் அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு, "உங்க கையும் அவரு கைதான்" என்றாள்.

மார்ச் 12
பொய். வயித்தெரிச்சல்ல சொல்றா.

ஆனா அம்மா ஏன் அப்பா தலையை அப்படிச் சுத்திக் கட்டினா? குண்டு நெஞ்சுல பாஞ்சுதுன்னுதானே சொன்னா? அந்த நெஞ்சு மேலதான் படுத்து அழுதேன். சட்டையில ஓட்டை இல்ல. மண்ணெண்ணெய் நாத்தம் — அதை எப்படி மறந்தேன்?

மார்ச் 15
கல்தச்சர் ஏழாவது பெயருக்குக் கீழே கோடு கிழித்து, உளியோடு உட்கார்ந்திருந்தார். "அந்தம்மா வேணாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. உங்க இஷ்டமாம். வெட்டட்டுமா?" என்றார்.

கோட்டை அழிக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 2
கல்லைத் திறந்தார்கள். பேத்தி அந்தத் தேதியில் இருந்த ஏழு பெயர்களையும் படித்துவிட்டு, கொள்ளுத்தாத்தா பெயர் எங்கே என்று கேட்டாள். ஊரே நின்றது. தையல்காரியும் நின்றாள், உதட்டில் தழும்போடு.

"இவங்களைக் கொன்னதே அவருதான்" என்றேன்.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்.