மூன்று அளவு போதும்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

நீங்கள் செய்யும் பொம்மை ரயிலுக்குத் திருகு மரை வெட்டும் கருவி கேட்டிருந்தீர்கள். நாற்பது உருப்படிப் பெட்டி வேண்டாம். மூன்று, நான்கு, ஐந்து மில்லிமீட்டரில் துளைக்குள் மரை வெட்ட நல்ல எஃகு டேப்பும், கம்பியின் மேல் வெட்ட டையும் போதும்.

போன வாரம் தொழிற்சாலையில் என் டேப் இரும்புத் துளைக்குள்ளேயே ஒடிந்துவிட்டது. சீவல் அடைக்காமலிருக்க அதை அடிக்கடி பின்னால் திருப்ப வேண்டும்; மறந்துவிட்டேன். என்னை வேலையில் நிரந்தரமாக்குவதா என்று பார்க்கும் மாதம் வேறு.

"அந்த இரும்பையே தூக்கிப் போடும்மா" என்றார் ஃபோர்மேன்.

"ஒரு மணி நேரம் குடுங்க, எடுத்துடறேன்."

ஒடிந்த துண்டின் பள்ளங்களில் கம்பியைச் செருகி, மெல்லத் திருப்பி எடுத்தேன். மறுநாள் முக்கியமான வேலையை என்னிடமே கொடுத்தார்.

ரயில் ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புங்கள். வீடு முழுக்க இரும்புத்தூள் என்று அம்மா திட்டுவது அதில் விழுந்தால் வெட்டிவிடாதீர்கள்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்