வாரணப்பேரேரியின் மதகைத் திறவாத புதிய ஆடி குறித்து

மங்கலம் நிலைபெறுக. மழை அளவறிந்து பெய்க. கரைகள் உடையாது நிற்க.

தண்பொழில் நாட்டின் நான்கு மண்டலங்களையும் ஒரு குடைக்கீழ் வைத்து, பொற்கதவ நகரில் வீற்றிருந்து, முறையிட வந்தவர் எவரையும் வாசலில் காக்க வைத்தறியாத பேரரசி கோப்பெருநங்கையார் திருவாய்மொழிந்தருள, திருமந்திர ஓலைநாயகம் எயினியார் எழுதுவிக்கும் ஓலை. வடமண்டலம் காப்பவரும், மேற்குமலைப் பகைவரை இருமுறை புறங்கண்டவரும், பேரரசியாரால் தம்பி என்று அழைக்கப்பெறும் உரிமை உடையவருமான ஏறன் சாத்தனாகிய கடம்பத்தரையர் காண்க. உம் மண்டலத்து வயலும் ஆநிரையும் நலந்தானா, உம் மனையாட்டியாரின் முழங்கால் வலி தணிந்ததா என்று பேரரசியார் கேட்கச் சொன்னார். மற்ற நலங்களை விசாரிக்க இப்போது பொழுதில்லை.

உலாவிக் கண்ணாடியாகிய ஆடி வழியே வரவேண்டிய ஆணை ஓலையில் வருவானேன் என்று நீர் வியக்கக்கூடும். ஆடி வழியேதான் முதலில் அனுப்பினோம். உம் அரண்மனையில் ஏறியிருக்கும் புதிய உலாவி ஆடி, பேரரசியாரின் முத்திரையை ஏற இறங்கப் பார்த்து, இது பழைய வார்ப்பு, நம்பத்தக்கதன்று, உமது நலன் கருதி வழி அடைக்கப்பட்டது என்று விடை சொல்லித் திருப்பிவிட்டது. என் வீட்டு வாசலில் நின்று என்னையே யாரென்று கேட்கிறதா என்று பேரரசியார் சிரித்தார்; செய்தி முழுவதும் கேட்ட பின் சிரிக்கவில்லை. ஆகவே இது குதிரை மேல் வருகிறது. நீர் அமர்ந்து படிக்காமல், படித்துக்கொண்டே எழுந்து நடப்பீராக.

நாளை உச்சிவேளையில், உம் அவை நடுவே, ஏரிவாரியப் பெருமாட்டி பூதி நங்கையாரின் வலக்கையைக் களையும்படி நீர் தீர்ப்பிட்டிருப்பதாக அறிந்தோம். உடைக்கச் சொன்ன பழைய ஆடியை உடைத்துவிட்டதாகப் பொய் சொல்லி ஒளித்து வைத்தார், பின் அதை எடுத்துத் தொட்டார் என்பன குற்றங்கள். இரண்டும் உண்மை. ஆயினும் நடந்தது இன்னதென்று, அன்று நங்கையாருடன் இருந்த ஏரிக்கணக்கர் வெண்காடன், குதிரையில் ஏறிப் பழகாதவர், இடுப்பொடிய இங்கு வந்து சொன்னார். பேரரசியார் கேட்டவாறே நீரும் கேட்பீராக.

இருந்த இடத்தில் இருந்தபடியே நாட்டின் கோட்டைகளையும் மதகுகளையும் ஆளும் பலகைகளை உலாவிக் காணவும், தொட்டு ஏவவும் நம் முன்னோர் வைத்தது உலாவி ஆடி. அதில் புதியது வருகிறது என்றதும் வடமண்டலத்தில் முதலில் மகிழ்ந்தவர் நங்கையார்தாம். பழையது ஒரு பலகையைக் காட்டுவதற்குள் வெற்றிலை போட்டுத் துப்பி முடித்துவிடலாம் என்று அவர் பல காலம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். ஏரிவாரிய மண்டபத்துப் பீடத்தில் ஏறிய புதியதற்குத் தாமே மாலை சூட்டினார்.

ஒரு பீடத்தில் இரண்டு ஆடி இருத்தல் ஓர் அரியணையில் இருவர் அமர்வதற்கு ஒப்பென்பது நம் வழக்கம். புதியது ஏறும் வேளையிலேயே பழையதை உடைத்து நீரில் விட்டுவிடுகிறோம். புதியது எல்லாவற்றையும் காட்டுகிறதா என்று பார்க்க எவரும் நிற்பதில்லை. நங்கையார் நின்றார். நிற்க நிற்க அவர் முகம் மாறியது.

முதலில் புதிய ஆடி அவரையே யாரென்று கேட்டது. பழையது நினைவில் வைத்திருந்த மறைமொழிகளுள் ஒன்றையும் இது அறியவில்லை. அவர் ஆண்டாண்டாக இட்டு வைத்த குறிகள் அனைத்தும் துடைத்தாற்போல் போயின. எந்தப் பலகையைத் திறந்தாலும், உமது காலடிச் சுவட்டை நாங்கள் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது. சம்மதம் என்று ஒருமுறை சொன்னால் போதாதா, கல்யாணப் பெண்ணைக் கூட இத்தனை தரம் கேட்க மாட்டார்களே என்று வெண்காடன் சொன்னாராம். அதற்கு நங்கையாரும் சிரித்தாராம். ஆனால் வாரணப்பேரேரியின் மதகுப் பலகை வந்தபோது சிரிப்பு நின்றது. எழுத்தின் மேல் எழுத்து ஏறிக் கிடந்தது. மதகைத் திருப்பும் சக்கரக் குறி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அடியில், இப்பலகையின் முத்திரை நம்பத்தக்கதன்று, வழி அடைக்கப்பட்டது என்று சிவப்பில் எழுந்தது. அது பேரரசியாரின் பாட்டனார் காலத்து முத்திரை.

உடனே அவர் உம்முடைய ஆடிநாயகம் மருதன் பட்டரை அழைத்து முறையிட்டார். பட்டர் வந்தார், பார்த்தார், ஆடியை ஒருமுறை கவிழ்த்து வைத்து மறுபடி நிமிர்த்தும் அம்மையாரே என்றார். நிமிர்த்தினார்கள், சிவப்பெழுத்து அப்படியே இருந்தது. இன்னும் ஒருமுறை கவிழ்க்கச் சொன்னார். பிறகு, என் அறை ஆடியில் எல்லாம் அழகாகத் திறக்கிறதே, உங்கள் கை ராசி அப்படி என்றார். உம் அறையில் மதகுப் பலகையைத் திறந்து பார்த்தீரா என்று நங்கையார் கேட்க, அரண்மனையில் எனக்கெதற்கு மதகு என்றாராம். மேலும், பழையதை மாலைக்குள் உடைத்தாக வேண்டும், உடைக்கும் ஓசை என் காதில் விழ வேண்டும் என்று சொல்லித் திண்டில் சாய்ந்துகொண்டார்.

நங்கையார் பிழை செய்தது அப்போதுதான். உள்ளே சென்று, தாம் பொட்டு வைத்துக்கொள்ளும் முகக்கண்ணாடியைக் கல்லில் மோதி உடைத்தார். ஓசை கேட்டது. சில்லுகளைத் துணியில் பொதிந்து ஏரியில் விட்டார். பழைய ஆடியைப் போர்வையில் சுற்றி நெற்குதிருக்குள் இறக்கினார். உடைத்தாயிற்று என்று பட்டரிடம் கண்ணைப் பார்த்துச் சொன்னார். உம்மிடம் பல முறை முறையிட்டும் அனுப்பினார். பழகினால் சரியாகிவிடும் என்ற ஒரே விடைதான் ஒவ்வொரு முறையும் திரும்பிவந்தது. அவ்விடையை எழுதியவர் நீரா, பட்டரா என்று பேரரசியார் கேட்கவில்லை. நீர் உம்மையே கேட்டுக்கொள்க.

பின் அம்மழை வந்தது. விடியலில் தொடங்கி நண்பகலிலேயே விளக்கேற்றும்படி இருட்டிக்கொண்டு கொட்டியது. வாரணப்பேரேரி கரையை முட்டி நின்றது. கரையடியில் நறுவிலிமங்கலம்; அதன் மேலைத்தெருப் பக்கம் கரை கசிந்து, ஊரார் வைக்கோற்புரியும் மணலும் சுமந்து ஓடிக்கொண்டிருந்தனர். மதகு ஏரி நடுவே கல்தூம்பில் இருப்பது நீர் அறிந்ததே. பரிசலில் சென்ற இருவர் பாதி வழியில் கவிழ்ந்து, நீந்தி உயிரோடு திரும்பியதே பெரிது. இனி ஆடிதான் வழி.

புதிய ஆடியின் முன் நங்கையார் அமர்ந்தார். அது அவ்வேளை பார்த்து, என்னை நானே புதுப்பித்துக்கொள்கிறேன், பொறுத்திருக்கவும், என்னை அசைக்க வேண்டாம் என்று எழுதிக் காட்டி, ஒரு வட்டத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. வட்டம் சுழல்கிறது, வெளியே கரையிலிருந்து பறை முழங்குகிறது, வெண்காடன் வாசலுக்கும் பீடத்துக்குமாக நடந்து, அம்மா, அது தலை சீவிப் பூ வைத்து வருவதற்குள் ஊர் கடலுக்குப் போய்விடும் என்று கத்தினார். ஒருவாறு வட்டம் நின்றது. நங்கையார் மதகுப் பலகையைத் தொட்டார். சிவப்பெழுத்து எழுந்தது. நான் அறிந்தே செல்கிறேன், தடுக்காதே என்று ஆடியிடம் மன்றாடி ஏவினார். அதற்கும் அது, உமது நலன் கருதி என்றது.

அவர் எழுந்து நெற்குதிரின் மூடியைத் திறந்தார். பறையொலி கேட்டு வந்த பட்டர் அங்கிருந்தார், நெல்லுக்குள்ளிருந்து போர்வை வெளிவந்ததும் என்னவென்று கண்டுகொண்டார். அம்மையாரே, அதைத் தொட்டால் கை போகும், தெரியுமா என்று குறுக்கே நின்றார். தெரியும், மதகு திறந்த பிறகு கையைப் பற்றிப் பேசுவோம், இப்போது தள்ளி நில்லும் பட்டரே, உம் மாமியார் வீடும் மேலைத்தெருவில்தானே இருக்கிறது என்றார் நங்கையார். பட்டர் தள்ளி நின்றார். இதை வெண்காடன் இருமுறை சொன்னார், நாமும் எழுதினோம்.

பழைய ஆடி வழக்கம்போல் மெல்லத்தான் கண் விழித்தது. அதனுள் மதகுப் பலகை எழுத்தெழுத்தாக வந்தது. சக்கரக் குறி வந்தது. நங்கையார் வலக்கையால் அதைத் தொட்டார். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பின்பு கல்தூம்பின் பக்கமிருந்து யானை பிளிறினாற்போல் ஓசை எழுந்து, நீர் ஊரை விலகி ஓடும் காட்டுவாய்க்காலில் இறங்கிற்று. நறுவிலிமங்கலத்தில் ஒரு கன்றுக்குட்டியும் சாகவில்லை. மறுநாள் காலையில் பட்டர் உம்மிடம் வந்தார். மாலையில் நங்கையார் கையில் விலங்கு ஏறியது.

கடம்பத்தரையரே, உம் பக்கத்து நியாயத்தையும் பேரரசியார் எண்ணாமல் இல்லை. பழைய ஆடிகளில் விரிசல் கண்டிருக்கிறது. அதன் வழியே மேற்குமலையார் நம் கோட்டைப் பலகைகளை ஒளிந்து நோக்கினர். அதனாலேயே புதியதை ஏற்றச் சொன்னோம். அந்த ஆணை பிழையன்று. அரச அதிகாரியிடம் சொன்ன பொய்யும் பொய்யே. நங்கையார் பொற்கதவம் வந்து அதற்கு விடை சொல்லட்டும், பேரரசியாரே விசாரிப்பார். ஆனால் ஒன்றை எண்ணும். மதகு திறந்தபடியே கிடக்கிறது. அடைக்காவிடில் கோடைக்கு ஏரியில் சொட்டு நீர் நில்லாது. அடைத்தாலோ, வடக்கே மேகம் இன்னும் கலையவில்லை, மறுபடி திறக்க வேண்டி வரும். திறக்கவும் அடைக்கவும் தெரிந்த கையை நீர் நாளை உச்சியில் களையப் போகிறீர்.

ஆதலின் ஆணை. இவ்வோலை கண்டதும் பூதி நங்கையாரின் விலங்கைக் கழற்றுக. பறித்த பழைய ஆடியை உடையாமல் அவரிடம் ஒப்புவிக்க. மதகுப் பலகைக்குப் புதிய முத்திரை வார்த்து, அதைப் புதிய ஆடி ஏற்று, மதகு ஒருமுறை திறந்து ஒருமுறை அடைபடுவதை ஊரார் கண்ணால் காணும் வரை, வடமண்டலத்தில் ஒரு பீடத்தில் இரண்டு ஆடியும் இருக்கும். வழக்கத்துக்கு மாறு என்பவர் பேரரசியாரிடம் வந்து சொல்லட்டும். நாளை உச்சிவேளையில் அவை கூடட்டும், ஆனால் ஏரிவாரிய மண்டபத்தில் கூடட்டும். அங்கே நறுவிலிமங்கலத்தார் முன்னிலையில் நீரே புதிய ஆடியின் முன் அமர்ந்து மதகை அடைத்துக் காட்டும். பட்டர் அருகிருந்து, எத்தனை முறை வேண்டுமாயினும் கவிழ்த்து நிமிர்த்தட்டும். மதகு அடைபட்டால் மகிழ்ந்து எமக்கு எழுதும். அடைபடாவிடில் எழுந்து இருக்கையை நங்கையாருக்கு விடும். பழைய ஆடி மங்கல். விளக்கின்றிக் குறி தெரியாது. அவர் தொட்டு முடிக்கும் வரை விளக்கைப் பிடித்து நிற்பவர் நீராக இருத்தல் வேண்டும்.

இது பேரரசி கோப்பெருநங்கையார் திருவாணை. வேங்கை முத்திரை அரக்கில் பதிந்தது. கண்டு, கேட்டு, செய்து, செய்த வகையை இவ்வோலை கொணர்ந்தவன் வசமே எழுதி விடுக்க. நாடு நனைந்து வாழ்க, மூழ்காது வாழ்க.