மேட்டுக் குவாரிக்கு ஆம்புலன்ஸ் போனதில்லை

மார்ச் 3, திங்கள்

கிழக்குக் குவாரியில் இன்னொரு சாவு. கல்லூரி முதல் வருடப் பையன். கல்லெடுத்து முடித்துக் கைவிட்ட பள்ளம், மழைத்தண்ணீர் தேங்கிக் குளமாகிக் கிடக்கிறது. வெயில் ஏறினால் எல்லாரும் அங்கேதான் ஓடுகிறார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டும் தம்பி வழக்கம்போல எனக்குத்தான் முதலில் போன் செய்தான்.

இந்தச் செய்தியை எழுத எனக்கு யோசனையே தேவையில்லை. கணினியில் பழைய செய்தி ஒன்று இருக்கிறது. பெயரையும் வயதையும் மாற்றினால் போதும். கடைசி வரி மாறுவதே இல்லை: "தடுப்பு வேலி அமைக்கப் பொதுமக்கள் கோரிக்கை." யார் இந்தப் பொதுமக்கள்? யோசித்துப் பார்த்தால் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

பிணவறை வாசலில் அவனுடைய அக்கா நின்றிருந்தாள். கையில் அவன் செருப்பு. கரையில் கிடந்ததை எடுத்து வந்திருக்கிறாள், கீழே வைக்க மனம் வரவில்லை.

"போன வருஷமும் நீங்கதானே எழுதினீங்க? அப்புறம் என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை. அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

மார்ச் 4, செவ்வாய்

உட்கார முடியவில்லை. கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். "விட்டுடும்மா, தேஞ்சுடப் போகுது" என்றாள் மகள். அப்போது போன் அடித்தது. அவள் கேட்டது "யாரும்மா பேசறாங்க?" இல்லை. "யாரும்மா போயிட்டாங்க?"

பால்காரர்தான் பேசினார். அவள் கேட்டது மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஆஸ்பத்திரி வாசலில் தம்பியோடு டீ.

"அக்கா, மேட்டுக் குவாரியிலயும் இதே ஆழம்தான், இதே கூட்டம்தான். நான் வேலைக்குச் சேந்ததிலேர்ந்து அங்க வண்டி எடுத்துட்டுப் போனதே இல்ல."

"ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? யாரும் சாகாத இடத்துக்கு என்னை எதுக்குக் கூப்பிடப் போறாங்க? உங்களையும்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. இத்தனை வருட வேலையில் எதுவும் நடக்காத இடத்துக்கு நான் போனதே இல்லை. நடக்காததைப் போய் என்னவென்று பார்ப்பது?

மார்ச் 9, ஞாயிறு

போய்ப் பார்த்தேன்.

குளிக்க வருகிறவர்கள் எல்லாரும் டீக்கடை முன்னால் செருப்பை வரிசையாக விட வேண்டும். செருப்பு கிடந்தால் ஆள் இன்னும் தண்ணீரில் இருக்கிறார் என்று அர்த்தம். டீக்கடைக்காரர் ஒரு கண் பால் சட்டியிலும் ஒரு கண் செருப்பிலுமாக நிற்கிறார். மரத்தடியில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், கழுத்தில் பழைய விசில். யாராவது ஆழத்துப் பக்கம் நகர்ந்தால் ஊதிவிட்டுக் கத்துகிறார், பஸ்ஸில் கத்திய "ஏய், உள்ள போ"வுக்கு நேர்மாறாக, "வெளிய வா, வெளிய வா!" என்று. துணி துவைக்கிற பெண்கள் பக்கத்தில் ஒரு நீளக் கயிறு, நுனியில் மூடி இறுக்கிய காலி எண்ணெய் கேன்கள். விசில் நீளமாகக் கேட்டால் கயிற்றை வீசுவது அவர்கள் வேலை.

அவ்வளவுதான். எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடாத ஏற்பாடு. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குள் ஏதோ குறுகுறு. சந்தோஷம்தானா? பழக்கமில்லாததால் அடையாளம் தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

நான் எழுதிய செய்தி வந்துவிட்டது. "ஒற்றை விசிலில் உயிர் காக்கும் கண்டக்டர்."

தலைப்பு எங்கள் உதவி ஆசிரியர் வைத்தது. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே கத்திரி. டீக்கடையையும் பெண்களையும் மொத்தமாக வெட்டிவிட்டார். ஆசிரியரிடம் போய் நின்றேன்.

"ஒரு ஆள் செஞ்சா ஹீரோம்மா. பத்துப் பேர் சேந்து செஞ்சா கமிட்டி. கமிட்டியை எவன் படிப்பான்?"

கோபமாக வெளியே வந்தேன். ஆனால் கண்டக்டரை முதல் பத்தியில் வைத்தது யார்? நான்தான். ஒரு மனிதர், ஒரு விசில் என்றால் எழுதச் சுலபமாக இருந்தது. நான் போட்ட கோட்டில்தான் கத்திரி வெட்டியிருக்கிறார்.

ஊரெல்லாம் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டில் இவர்கூட, "பரவாயில்லையே, இன்னிக்கு யாரும் சாகாம உன் பேர் பேப்பர்ல வந்திருக்கு" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

கண்டக்டருக்குப் பாராட்டு மேல் பாராட்டாம். ஆசிரியர் வாரம் ஒரு ஹீரோ வேண்டும் என்கிறார்.

மார்ச் 23, ஞாயிறு



காலையில் தம்பி போன் செய்தான். "அக்கா... மேட்டுக் குவாரி. முதல் தடவையா அங்க போறேன்."

ஒன்பதாம் வகுப்புப் பெண். பிழைத்துவிட்டாள். அந்த வழியாகப் போன டிராக்டர்காரர் கூச்சல் கேட்டுக் குதித்திருக்கிறார். அவர் டீசல் போட நின்றிருந்தால்? ஐயோ, நினைக்கவே முடியவில்லை.

நான் போனபோது டீக்கடை முன்னால் ஒரு செருப்புகூட இல்லை. கண்டக்டர் பக்கத்து ஊரில் பாராட்டு விழாவில் இருந்தார். துவைக்கிற கல்லில் இரண்டே பெண்கள்.

"வாங்க பேப்பர்க்காரம்மா! ஹீரோ ஊர்ல இல்லையே. படம் எடுக்கணும்னா சாயந்தரமா வாங்க."

"கயிறு எங்கக்கா?"

"கயிறா? அது எதுக்கு? அவர்தான் ஒத்த விசில்ல காப்பாத்துறாராமே. நீங்கதானே எழுதினீங்க?"

டீக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என் பொண்டாட்டி கேட்டாம்மா, 'நாயா நின்னு செருப்பு காத்தியே, உன் பேரு எங்கய்யா'ன்னு. நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

இதுவரை ஆம்புலன்ஸ் போகாத இடத்துக்கு வழி காட்டினது யாரு? நான். நான்தான். நல்லது எழுதறேன்னு போயி... அப்பாடா, அந்தப் பொண்ணு மூச்சு விடுது. அதுவே போதும். போதுமா?

மார்ச் 24, திங்கள்

கண்டக்டர் அவராகவே அலுவலகத்துக்கு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி. விழாவில் போர்த்திய சால்வையை மேசையில் வைத்தார்.

"ஏம்மா, நான் ஒத்தையா என்ன பண்ண முடியும்? எனக்கு நீச்சலே தெரியாதே!"

"சொல்லவேயில்லையே சார்..."

"நீங்க கேக்கவேயில்லையே."

ஒன்று விடாமல் எத்தனை கேள்வி கேட்டேன். எத்தனை வருட சர்வீஸ், எந்த ரூட் பஸ், அந்த விசில் எப்போது வாங்கியது. நீச்சல் தெரியுமா என்று கேட்கவில்லை. ஹீரோவிடம் யார் அதைக் கேட்பார்கள்?

ஆசிரியரிடம் மறுபடி எழுதுகிறேன் என்றேன். எது நடக்கிறது, எப்படி நடக்கிறது, எங்கே ஓட்டை என்று எல்லாமாக. நம் முதல் செய்தியால் என்ன ஆனது என்பதையும் சேர்த்து.

"நல்ல செய்தியில எதுக்கும்மா ஓட்டையெல்லாம்?"

"ஓட்டையைச் சொல்லலைன்னா அடுத்த ஊர்க்காரன் அதே ஓட்டையிலதான் சார் விழுவான்."

பின்னாலிருந்து குரல் வந்தது, கத்திரியின் குரல்: "முழுப் பக்கமும் எடுத்துக்கட்டும் சார். நான் வெட்டலை."

மார்ச் 28, வெள்ளி

தினமும் மேட்டுக் குவாரி. முதல் நாள் யாரும் பேசவில்லை. நேற்று ஒரு பெண் பெட்ஷீட்டின் ஒரு முனையை என் கையில் திணித்தாள். "சும்மா நிக்கிறதுக்கு இதைப் பிடிச்சு முறுக்குங்க." முறுக்கினேன். புடவை நனைந்தது, அவர்கள் வாய் திறந்தது.

இருட்டிய பிறகு காவல் கிடையாது. குடித்துவிட்டு வருகிறவர்கள் செருப்பையும் விடுவதில்லை, விசிலுக்கும் திரும்புவதில்லை. கயிறு வெயிலில் மக்கிவிடுகிறது. கல்யாணம், சாவு என்றால் துறையில் ஆளே இல்லை.

"இதையும் போடுவீங்களா?" என்று கேட்டாள் பெட்ஷீட் பெண்.

"இதைத்தான் போடப்போறேன்."

"அப்ப சரி. புளுகு இல்லாம இருக்கும்."

ஏப்ரல் 4, வெள்ளி

"மேட்டுக் குவாரியில் யாரும் சாகாதது எப்படி? அது எங்கே தவறுகிறது?" முழுப் பக்கம். டீக்கடைக்காரர் பெயர், பெண்கள் அத்தனை பேர் பெயர், கண்டக்டருக்கு நீச்சல் தெரியாது என்பது, எங்கள் தவறு. எல்லாமே.

போன முறை அளவுக்கு யாரும் பகிரவில்லை. ஆனால் அலுவலகத்துக்குப் போன் வந்தபடி இருக்கிறது. பாராட்டவோ திட்டவோ இல்லை. "கயிறு என்ன தடிமன்?" "கேன் எத்தனை லிட்டர்?" எங்களிடம் இப்படிக் கேள்வி கேட்டு யாரும் பேசியதே இல்லை. கத்திரி பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், "ஏங்க, நான் கயிறு வியாபாரியா?" என்றார். ஆனால் போனை வேறு யாரிடமும் தரவில்லை.

டீக்கடை முன்னால் செருப்பு வரிசை திரும்பிவிட்டதாகக் கண்டக்டர் சொன்னார். அவருடைய செருப்பும் வரிசையில் இருக்கிறதாம். இந்த வயதில் பெண்கள் அவருக்கு நீச்சல் பழக்குகிறார்களாம். "தவளை தோத்துது" என்று அவரே சிரிக்கிறார்.

மாலையில் இன்னொரு போன். பிணவறை வாசலில் செருப்போடு நின்ற அந்த அக்கா. கிழக்குக் குவாரி.

"உங்க பக்கம் படிச்சேன். எங்க பக்கம் டீக்கடை கிடையாது. செருப்பை யாரு பாத்துக்குவா?"

பதில் தெரியவில்லை என்று சொன்னேன். உண்மை அதுதான். குவாரி திருப்பத்தில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது என்று அவளே சொன்னாள். கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கிழக்குக் குவாரித் தெருவில் கூட்டம் போட்டார்களாம். சண்டையில் முடிந்ததாம். யார் எந்த நாள் நிற்பது என்றுதான் சண்டை. நிற்பதா வேண்டாமா என்று இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மதியம் போன் அடித்தது. திரையில் ஆம்புலன்ஸ் தம்பி பெயர். மகள் என்னைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை.

"அக்கா, கிழக்குக் குவாரி. ஒருத்தன் உள்ள போயிட்டான். பஞ்சர் கடை முன்னால ஒரு ஜோடி செருப்பு மட்டும் கிடக்கு, தலை ஒண்ணும் தெரியலைன்னு அந்தக்கா கத்தியிருக்காங்க. கை மேல தெரிஞ்சதும் கேனை வீசி இழுத்துட்டாங்க."

"இப்ப எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரியா? நான் போறதுக்குள்ள அவன் தண்ணி குடிச்சுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான்க்கா. வண்டியைச் சும்மாவே திருப்பிட்டு வரேன். இது செய்தியே இல்லல்ல?"

அலுவலகத்துக்குப் போனேன். பழைய செய்தியைத் திறந்தேன். பெயர், வயது மாற்றினேன். மற்ற எந்த வரியும் பொருந்தவில்லை. மொத்தத்தையும் அழித்தேன். பிறகு எழுதினேன்:

"கிழக்குக் குவாரியில் நேற்று மதியம் தண்ணீரில் மூழ்கிய இளைஞர், தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனார்."

கத்திரி படித்தார். ஒரு சொல்லையும் தொடவில்லை.